கப்பல்ல ஏறும்போது கையில என்ன பாட்டில்? மூடியைப் பாத்துதான் முடிவு!

[காட்சி: பாம்பன் ரோட்டுப் பாலத்து மேல இருந்து. கீழே விசைப்படகுகள். பக்கத்துல புது ரயில் பாலம்.]

வணக்கம் மக்களே. நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இந்த இடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்ல. பாம்பன். 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலம் அந்தா தெரியுது. நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு இருக்கிற துண்டு நேரா மேல ஏறி, படகுக்கு வழி விடும். ஆனா அது எவ்வளவு உயரம் ஏறினாலும் சொகுசுக் கப்பல் இந்தப் பக்கம் வராது. அந்தக் கப்பலோட அடிப்பாகம் தண்ணிக்குள்ள ஏழெட்டு மீட்டர் முங்கி இருக்கும். இங்க தனுஷ்கோடிக்கு அந்தாண்ட இருக்கிற மணல் திட்டுல சில இடத்துல இறங்கி நின்னா இடுப்பளவுதான் தண்ணி.

அதனால நம்ம ஆளுங்க க்ரூஸ் போகணும்னா சென்னையில ஏறணும், இல்ல சிங்கப்பூர்ல ஏறணும். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம், ராம்நாடு டவுன், எங்க போய்க் கேட்டாலும் தெருவுக்கு ஒரு வீட்டுலயாவது சிங்கப்பூர் மலேசியாவுல ஆள் இருக்கும். பாக்க வர்ற அப்பா அம்மாவுக்கு மகன் மூணு ராத்திரி கப்பல் டிக்கெட்டைப் போட்டுக் குடுத்துடுறான். உடனே இங்க மூட்டை கட்டுற வேலை ஆரம்பம். நன்னாரி சர்பத், சுக்கு மல்லித் தூள், மூட்டுவலிக்கு அரிஷ்டம், வழிக்குத் தண்ணி பாட்டில், அப்புறம் அப்பா துணிக்கு நடுவுல சத்தமில்லாம சொருகி வைக்கிற இன்னொரு பாட்டில். இதுல எது கப்பல் வாசலைத் தாண்டும், எது தாண்டாது, ஏன் தாண்டாது? அதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

[திரையில்: தண்ணி பாட்டில் மூடி, ரொம்பக் கிட்டத்துல. மூடிக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் வளையம்.]

முதல்ல இந்த மூடியைப் பாருங்க. மூடிக்கும் கீழ இருக்கிற வளையத்துக்கும் நடுவுல பொடிப்பொடியா பல்லு பல்லா ஒட்டியிருக்கு பாருங்க. ஒரு தடவை திருகினா அந்தப் பல்லு எல்லாம் டக்டக்னு அறுந்துடும். திரும்ப மூடினாலும் ஒட்டாது. கப்பல் செக்யூரிட்டி உங்க பாட்டிலைக் கையில வாங்கினதும் கட்டைவிரலை இந்த இடத்துலதான் ஓட்டுவாங்க. லேபிள்ல என்ன எழுதியிருக்குங்கிறது அப்புறம்.

ஏன்னா தண்ணியும் வோட்காவும் பாட்டிலுக்குள்ள ஒரே மாதிரிதான் இருக்கும். எக்ஸ்ரே மெஷின்ல பாத்தாலும் உள்ள ஒரு திரவம் இருக்குன்னு தெரியுமே தவிர, அது அக்வாஃபினாவா அப்சல்யூட்டான்னு சும்மா பாத்துச் சொல்லிட முடியாது. ஆக அவங்க நம்பக்கூடிய ஒரே சாட்சி மூடி. அது உடைஞ்சிருந்தா, உள்ள கோயில் தீர்த்தமே இருந்தாலும் அவங்களுக்கு அது சந்தேகக் கேஸ்தான்.

இந்த அளவுக்கு முத்துனது பயணிகளாலதான். அமெரிக்காவுல கார்னிவல்னு ஒரு பெரிய கம்பெனி. அவங்க கப்பல்ல ஒரு காலத்துல தண்ணி பாட்டில், கோலா பாட்டில் எல்லாம் ஓரளவு கொண்டு போக விட்டாங்க. ஜனங்க என்ன பண்ணுச்சு? தண்ணியைக் கொட்டிட்டு வோட்காவை ஊத்தி, மூடியைப் பழையபடி ஒட்ட வச்சுக் கொண்டு வந்துச்சு. வாய் கொப்பளிக்கிற மருந்து பாட்டிலைக் கழுவி, உள்ள சரக்கை ஊத்தி, ரெண்டு சொட்டு நீலக் கலர் போட்டவங்க உண்டு. ஷாம்பூ பாட்டில் வடிவத்துல அதுக்குன்னே குடுவை செஞ்சு விக்கிற கடையே உண்டு. வாசல்ல நிக்கிற ஆள் ஒவ்வொரு பாட்டிலா வாங்கித் திருகிப் பாத்துக்கிட்டிருந்தா க்யூ எப்ப நகரும்? 2015 ஜூலையில கார்னிவல் ஒரே போடா போட்டுச்சு: மது இல்லாத பானத்துல பாட்டில்ங்கிற பேச்சே கிடையாது, தண்ணியா இருந்தாலும் சரி. தகர டின், அட்டைப் பெட்டி மட்டும்தான். அதுவும் ஒரு ஆளுக்கு 12, ஒவ்வொண்ணும் 355 மில்லிக்கு மேல போகக்கூடாது. டின்னைத் திறந்துட்டுத் திரும்ப மூட முடியாதுல்ல, கணக்கு அவ்வளவுதான்.

இதுல இன்னொரு உண்மையும் இருக்கு. கம்பெனி அதை வெளிப்படையா சொல்லாது, நான் சொல்றேன். காசு. டிக்கெட் விலையை இழுத்துப் பிடிச்சுக் கம்மியா காட்டிட்டு, உள்ள பார்ல, கேசினோவுல, கடையில, கரையில இறங்கிச் சுத்துற டூர்ல பிடிக்கிறதுதான் இந்தத் தொழில். நீங்க ஒரு பாட்டிலை உள்ள கொண்டு போனா அது அவங்க கல்லாவுல விழ வேண்டியது. அதோட நடுக்கடல்ல ஒருத்தர் ஓவரா போயிட்டா பார்ல இருக்கிறவர் ‘போதும்’னு நிறுத்தலாம், ரூமுக்குள்ள குடிக்கிறவரை யார் நிறுத்துறது? அந்தக் காரணமும் நியாயமானதுதான். ஆனா கல்லாதான் முதல் காரணம்னு எனக்குத் தோணுது.

[திரையில்: கம்பெனி பேர்கள் ஒவ்வொண்ணா வருது.]

சரி, எந்தக் கம்பெனி எவ்வளவு விடும்? இங்கதான் பல பேர் குழம்புறாங்க. ஒருத்தர் போயிட்டு வந்து ‘எங்களை விட்டாங்களே’ன்னு சொல்லுவார். இன்னொருத்தர் ‘எங்க பையைப் பிடிச்சு வச்சுட்டாங்க’ன்னு சொல்லுவார். ரெண்டு பேரும் சொல்றது நிஜம்தான், கப்பல்தான் வேற.

சிங்கப்பூர்ல இருந்து நம்ம ஆளுங்க நிறையப் பேர் போறது ராயல் கரீபியன். அதுல வயசு வந்த ஒரு ஆளுக்கு சீல் உடையாத ஒயின் பாட்டில் ஒண்ணு, 750 மில்லி. ஏறுற அன்னைக்கு மட்டும், கைப்பையில மட்டும். பீர், விஸ்கி, ரம், பிராந்தி எதுவும் கிடையாது. மது இல்லாத பானம்னா ஒரு ரூமுக்கு 12, ஒவ்வொண்ணும் சுமார் அரை லிட்டருக்குள்ள. ஒரு ரூமுக்குன்னு சொன்னேன், ஆளுக்கு இல்ல. நாலு பேர் ஒரே ரூம்ல இருந்தாலும் 12தான். ஆசியாவுல இருந்து கிளம்புற பயணத்துல குடிக்கிற வயசு 18. அதே கம்பெனி கப்பல் அமெரிக்காவுல இருந்து கிளம்பினா 21.

நார்வேஜியன் கப்பல் நேர் தலைகீழ். ஒயின் எத்தனை பாட்டில்னாலும் கொண்டு வாங்க, ஒவ்வொண்ணுக்கும் திறக்கிற கூலி கட்டுங்கம்பாங்க. ஆனா ஒரு டின் கோலாவும் விடமாட்டாங்க, குடிதண்ணியும் விடமாட்டாங்க. மருத்துவக் கருவிக்கும், கைக்குழந்தைப் பால் பவுடரைக் கலக்கவும் சீல் உடையாம கொண்டு வர்ற சுத்திகரிச்ச தண்ணிக்கு மட்டும் விலக்கு. பிரிட்டன்ல இருந்து போற பி அண்ட் ஓ-வுல ஆளுக்கு ஒரு லிட்டர், அது விஸ்கியா இருந்தாலும் பரவாயில்ல. சென்னையில இருந்து 2022 ஜூன்ல ஓட ஆரம்பிச்ச கார்டிலியா கப்பல்ல வெளிச் சரக்குக்கு இடமில்ல.

இதை நீங்க மனப்பாடம் பண்ண வேண்டாம். விதி மாறிக்கிட்டே இருக்கும். டிக்கெட் போட்ட கம்பெனி தளத்துல, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. டிராவல் ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாதீங்க. வாசல்ல அவர் வந்து நிக்கமாட்டார்.

அடுத்தது பையில எங்க வைக்கிறதுங்கிற விஷயம். துறைமுகத்துக்குப் போனதும் பெரிய பெட்டியில ரூம் நம்பர் ஒட்டி ஆள்கிட்ட குடுத்துடுவீங்க. அது தனியா எக்ஸ்ரேக்குப் போகும். சாயங்காலம் ரூம் வாசலுக்கு வந்து சேரும். அதுக்குள்ள ஒரு பாட்டில் தெரிஞ்சா பெட்டி வராது. மத்த எல்லார் பெட்டியும் வந்திருக்கும், உங்களது மட்டும் வராது. ராத்திரி டின்னருக்கு மாத்து உடுப்பு இல்லாம, காலையில போட்ட சட்டையோட கீழ் தளத்துல இருக்கிற செக்யூரிட்டி ரூமுக்குப் போய் வரிசையில நிக்கணும். அங்க உங்களைப் போலவே நாலு குடும்பம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். அனுமதிச்ச பானமா இருந்தாலும் கைப்பைதான். பெரிய பெட்டியில வைக்காதீங்க.

பெட்டின்னதும் ஞாபகம் வந்துச்சு. டீ போடுறதுக்குன்னு கெட்டில், தண்ணியில போடுற ஹீட்டர் காயில் எல்லாம் எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க. அதுவும் அதே செக்யூரிட்டி ரூமுக்குத்தான் போய்ச் சேரும். கப்பல்ல தீயைவிடப் பெரிய பயம் வேற கிடையாது.

[காட்சி: சாயல்குடி பக்கம் பனங்காடு. ஒருத்தர் மரத்துல இருந்து கலயத்தோட இறங்குறார்.]

இப்ப நம்ம ஊர்ச் சமாச்சாரத்துக்கு வருவோம். பதநீர். சீசன்ல மகனைப் பாக்கப் போற அம்மாவுக்கு இதைத்தான் முதல்ல எடுத்துட்டுப் போகத் தோணும். தப்பே இல்ல, அந்த ருசி அங்க எங்க கிடைக்கும்? ஆனா பதநீர் எப்படிப் பதநீரா இருக்குன்னு பாருங்க. பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டும்போது உள்பக்கம் சுண்ணாம்பு தடவுறாங்க. சுண்ணாம்பு இல்லைன்னா காத்துல இருக்கிற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையில வேலையைக் காட்டி, மரத்துலயே கள்ளாக்கிடும். சுண்ணாம்பு அதைத் தள்ளிப் போடுது, அவ்வளவுதான். ஒரேயடியா நிறுத்தாது. விடியக்காலம் இறக்குனதை வெயிலேற வச்சிருந்தாலே வாசனை மாற ஆரம்பிச்சிடும்.

அதை ஒரு கோலா பாட்டில்ல ஊத்தி இறுக்கி மூடினா? புளிக்கப் புளிக்க உள்ள கேஸ் உண்டாகும். பாட்டில் உப்பும். திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் கார், அப்புறம் விமானம். மேல போகப் போக வெளி அழுத்தம் குறையும், பாட்டில் இன்னும் உப்பும். மூடி தாங்கலைன்னா அம்மாவோட பட்டுச்சேலைதான் குடிக்கும். தாங்கிச்சுன்னாலும், சிங்கப்பூர்ல இறங்கும்போது உள்ள இருக்கிறது பதநீர் இல்ல, கள்ளு. சீல் இல்ல, லேபிள் இல்ல, திறந்தா நுரை பொங்குது. கப்பல் வாசல்ல அதை என்னன்னு விளக்குவீங்க?

வீட்டுல ஊத்தி எடுத்துட்டுப் போற எதுக்கும் இதே கதிதான். மோர், பானகம், எலுமிச்சை ஜூஸ், எதுவா இருந்தாலும் சரி. சீல் வச்ச நன்னாரி சர்பத் பாட்டில்? பாட்டில் விடுற கப்பல்ல அந்த 12ல ஒண்ணா அது போகலாம். ஆனா கண்ணாடி பாட்டிலைத் தூக்கிட்டு அலையுறது எனக்கு உசிதமா படல. இளநி குடிக்காம இருக்க முடியாதுங்கிறவங்களுக்கு அட்டைப் பெட்டியில வர்ற இளநி இருக்கு. டின்னும் அட்டையும்தான் எந்தக் கப்பல் வாசல்லயும் கம்மியா கேள்வி கேக்க வைக்கும்.

என்னைக் கேட்டா, தண்ணியா எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க, தூளா எடுத்துட்டுப் போங்க. கடையில பேக் பண்ணி விலை, தேதி எல்லாம் அச்சடிச்ச சுக்கு மல்லிக் காபித் தூள், பனங்கற்கண்டு. சாப்பாட்டுத் தளத்துல சுடுதண்ணி எப்பவும் கிடைக்கும். ஒரு கப்பு பிடிச்சு, ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கினா, சுத்தி நிக்கிற வெள்ளைக்காரன் மூக்கு நம்ம பக்கம் திரும்பும். காகிதத்துல மடிச்ச பொட்டலமா மட்டும் வேண்டாம். அடையாளம் தெரியாத தூளும் அடையாளம் தெரியாத தண்ணியும் அவங்களுக்கு ஒண்ணுதான்.

அரிஷ்டம் குடிக்கிற பெரியவங்க கவனிங்க. தசமூலாரிஷ்டம் போல இருக்கிற மருந்தெல்லாம் புளிக்க வச்சுச் செய்யறது, அதுல இயல்பாவே ஆல்கஹால் உண்டு. பாட்டில் லேபிள்லயே அதைப் போட்டிருப்பாங்க. புது பாட்டிலா, சீல் உடைக்காம, வைத்தியர் எழுதின சீட்டோட மருந்துப் பையில வையுங்க. அந்தச் சீட்டு இங்கிலீஷ்ல இருந்தா நல்லது. ராமேஸ்வரத்துத் தீர்த்தம் எடுத்துட்டுப் போறவங்க சின்னச் செப்புக் குப்பியோட நிறுத்திக்குங்க. உம்ரா முடிச்சு ஜம்ஜம் தண்ணியோட நேரா கப்பலுக்குப் போறவங்க, கம்பெனிக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போட்டு, பதிலைப் பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க. அவங்களுக்கு அதோட அருமை தெரியாது, எழுத்துல இருந்தா மதிப்பாங்க.

[காட்சி: வீட்டு வாசல்ல வரிசையா பிளாஸ்டிக் குடங்கள். டிராக்டர் தண்ணி டேங்க். பின்னணியில ஒரு அம்மா குரல்: “ஏப்பா, கடலுக்கு நடுவுல நிக்கிற கப்பலு, தண்ணி உப்பா இருக்காதா?”]

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்காதீங்க. நம்ம மாவட்டத்துல பிறந்தவங்க கேக்க வேண்டிய கேள்விதான் இது. கடலை வச்சுக்கிட்டு குடம் தூக்கி அலைஞ்ச ஊரு. வழிக்கு ரெண்டு பாட்டில் தண்ணி இல்லாம நம்ம வீட்டுப் பெரியவங்க படி இறங்கமாட்டாங்க.

கப்பல்ல குடிதண்ணி ரெண்டு வழியில வருது. துறைமுகத்துல நிக்கும்போது குழாய் போட்டு ஏத்துறது ஒண்ணு. கடல் தண்ணியைக் கப்பலே நல்ல தண்ணியாக்கிக்கிறது இன்னொண்ணு. அதுலயும் ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு காய்ச்சி வடிக்கிறது. எஞ்சின் சூட்டை வீணாக்காம, அதை வச்சே கடல் தண்ணியை ஆவியாக்குவாங்க. உள்ள காத்தை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைச்சிடுறதால, 100 டிகிரி வரைக்கும் போகாமலேயே தண்ணி கொதிச்சிடும். ஆவி மேல போய்க் குளிர்ந்து நல்ல தண்ணியா வரும், உப்பு கீழ தங்கிடும். இன்னொண்ணு ஆர்.ஓ. சவ்வு வழியா பலமா அழுத்தித் தள்ளுறது. நம்ம நரிப்பையூர்ல கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்க ஆலை வச்சாங்களே, அதே ஆர்.ஓ. தத்துவம்தான்.

இப்படி வர்ற தண்ணியில ருசிக்கும் குழாய் அரிக்காம இருக்கவும் கொஞ்சம் தாது உப்பு சேர்ப்பாங்க. குளோரினும் போடுவாங்க. அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போற கப்பலுக்கு அந்த நாட்டு சுகாதாரத் துறை கணக்கு வச்சிருக்கு: குழாய்க் கடைசி வரைக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்கணும், 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. துறைமுகத்துக்குள்ள, அழுக்குத் தண்ணியில நிக்கும்போது கடல் தண்ணியை எடுத்துச் சுத்தம் பண்ணவும் கூடாது. ஆழத்துக்குப் போனப்புறம்தான்.

ஆக, உப்பு இருக்காதும்மா. லேசா குளோரின் வாசம் வரும். பிடிக்கலைன்னா சாப்பாட்டுத் தளத்துல ஐஸ் போட்ட தண்ணி காசில்லாம கிடைக்கும். ரூம்ல மேசை மேல கழுத்துல அட்டை மாட்டி ஒரு தண்ணி பாட்டில் அழகா நிக்கும் பாருங்க, அதை மட்டும் தொடாதீங்க. அந்த அட்டை விலைச்சீட்டு. திறந்தா உங்க கணக்குல ஏறிடும்.

வீட்டுல இருந்து ஒரு காலி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, ஸ்டீலா இருந்தா ரொம்ப நல்லது. காலி பாட்டிலை எந்தக் கப்பலும் நிறுத்தாது. உள்ள போய் நிரப்பிக்கலாம். ஆனா மெஷின்ல பாட்டில் வாயை நேரா முட்டிப் பிடிக்காதீங்க. கிளாஸ்ல பிடிச்சு பாட்டில்ல ஊத்துங்க. வாய் வச்சுக் குடிச்ச பாட்டில் அந்தக் குழாயில பட்டா, வாந்தி பேதி கிருமி அடுத்தடுத்த ஆளுக்கு ஒட்டிக்கும். கப்பல்ல அது ஆரம்பிச்சா நிறுத்துறது பெரும்பாடு.

கோலா, ஜூஸ் கேக்குற பிள்ளைங்க கூட வந்தா, ஊர்ல இருந்து தூக்கிட்டுப் போகாதீங்க. லிட்டில் இந்தியாவுல முஸ்தபா கடைக்கு எப்படியும் போகத்தான் போறீங்க. கப்பல் ஏறுறதுக்கு முந்தின நாள் அங்கயே 12 டின்னை வாங்கிக் கைப்பையில போட்டுக்குங்க. விமானத்துல கைப்பையில 100 மில்லிக்கு மேல தண்ணிப் பொருள் ஏத்தமாட்டாங்கங்கிற தொல்லையும் இல்ல.

குடிக்காத குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்பல்ல ‘டிரிங்க்ஸ் பேக்கேஜ்’னு ஒண்ணை விப்பாங்க. ராயல் கரீபியன்ல ஒரு ரூம்ல ஒரு பெரியவர் மது பேக்கேஜ் வாங்கினா, அதே ரூம்ல இருக்கிற மத்த பெரியவங்களும் வாங்கணும். மச்சான் ஒருத்தருக்காக மொத்தக் குடும்பமும் காசு கட்டின கதையாயிடும். அவரைத் தனி ரூம்ல போடுங்க, இல்ல கிளாஸ் கணக்குல குடிக்கச் சொல்லுங்க. கிளாஸ் விலையோட 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும்கிறதையும் அவர் காதுல போட்டு வையுங்க. குளிர்பானத்துக்கு மட்டும் தனி பேக்கேஜ் இருக்கு, பிள்ளைங்களுக்கு அதுவே போதும்.

[காட்சி: பினாங்கு, லங்காவி பேரோட வரைபடம். சிங்கப்பூர்ல இருந்து ஒரு கோடு போயிட்டுத் திரும்புது.]

நடுவுல இறங்குற ஊர்ல வாங்குற பாட்டிலுக்கு என்ன பண்ணுவாங்க? லங்காவி வரி இல்லாத தீவு, விலையைப் பாத்தா கை சும்மா இருக்காது. வாங்குங்க. திரும்ப ஏறும்போது செக்யூரிட்டி அதை வாங்கி, டேக் கட்டி, ரூம் நம்பர் எழுதி ஒரு சீட்டு குடுப்பாங்க. கப்பலுக்குள்ள இருக்கிற கடையில வாங்கினாலும் இதேதான். பயணம் முடியிற கடைசி ராத்திரி, இல்ல இறங்குற காலையில கைக்கு வரும். அந்தச் சீட்டைப் போன்ல ஒரு படம் எடுத்துக்குங்க. ஏறுற அன்னைக்குக் கணக்குக்கு மேல கொண்டு வந்து பிடிபட்டது வேற கேஸ். அதைத் திருப்பிக் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல. கொட்டிட்டாங்கன்னா கேக்கவும் முடியாது, வாசல்ல நின்னு சண்டை போட்டாலும் வராது.

கையில வந்த பாட்டிலோட சிங்கப்பூர்ல இறங்குறீங்க. அங்க சுங்கத்துக்குத் தனி அளவு, வெளிய இருந்த நேரம், எந்த நாட்டுல இருந்து வர்றீங்கன்னு எல்லாம் பாப்பாங்க. மலேசியாவுல இருந்து வந்தா வரி விலக்கு கிடையாது. அதனால லங்காவி பாட்டிலுக்கு அங்க வரி கட்ட வேண்டி வரலாம்னு முன்னாடியே மனசுல வச்சுக்குங்க. அப்புறம் திருச்சி விமானம். கைப்பையில வச்சா செக்யூரிட்டியில பிடுங்கிடுவாங்க, துணியைச் சுத்திப் பெரிய பெட்டியில போடுங்க. இந்தியச் சுங்கத்துல ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் வரி இல்ல. பெரியவங்க கணக்கு மட்டும்தான். கூட வர்ற பிள்ளைங்க பேர்ல ஒரு பாட்டிலைச் சேர்த்துச் சொல்லலாம்னு யாராவது யோசனை சொன்னா, அவரையே பாட்டிலோட கவுன்டருக்கு அனுப்பி வையுங்க.